மோட்டாருக்குத் திரித்த திரி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடினால் இப்போதும் அந்த ஓசை கேட்கிறது. கிணற்றின் அடியிலிருந்து இரும்புக் குழாய் வழியாக ஏறி, மேல்தொட்டிக்குப் போய், அங்கிருந்து வீடு வீடாக இறங்கி, கடைசியில் சுவருக்குள்ளேயே தங்கிவிடும் ஒரு ரீங்காரம். அடுத்த தெருவில் யாரோ சுருதிப் பெட்டியை மூட மறந்துவிட்டுப் போனதுபோல இருக்கும். அந்த ஓசையில்தான் எங்கள் காலனி பகலில் தூங்கியது. நானும் தூங்கினேன். எனக்குத் தூக்கம் வந்திருக்கக் கூடாது.

எண்பதைத் தாண்டிவிட்டேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீர்சாகிப்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த ஒருவருடைய கைக்கு நான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் கிணற்று மோட்டார் திரும்பத் திரும்ப எரிந்ததற்கு அவர் சுற்றிய கம்பி காரணமல்ல, நான் வைத்த அடைப்புதான் காரணம். அது எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த காலம். மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாறு அகலமாகிக் கடலைத் தேடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்பை வெட்டி எழுப்பிய காலனி எங்களுடையது. கார்ப்பரேஷன் தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. அகலமான, ஆழமான கிணறு. காலையில் எட்டிப் பார்த்தால் உள்ளே வானம் பச்சையாகத் தெரியும். ஒரு பழைய ஆயில் எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதன் புகை கொடியில் காயும் வேட்டிகளில் எல்லாம் படிந்தது. காலனி சங்கத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு சப்-ஜட்ஜ். கிண்டியில் எஞ்சினியரிங் முடித்து சர்க்கார் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த நான்தான் காலனியின் ஒரே எஞ்சினியர். அதனால் தண்ணீர் என் பொறுப்பாயிற்று.

ராணுவம் வேண்டாமென்று கழித்த சாமான்களைப் பல்லாவரத்தில் குவித்து விற்றார்கள். அந்தக் குவியலில்தான் பம்பைக் கண்டேன். ஆள் உயரத்துக்கும் கூடுதலான ஒரு இரும்பு உருளை. பீரங்கிக் குழல் என்று நினைத்துக் கடந்துபோய், பிறகு திரும்பி வந்தேன். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நின்று ஓடுகிற மோட்டார். அதன் தலைமேல் பம்பு. அப்படி ஒன்றைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன், நேரில் கண்டதில்லை. புகை இல்லை, இரைச்சல் இல்லை. யார் கண்ணிலும் படாமல் அடியாழத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். கையை வைத்தேன், வெயிலில் சுட்டது. ஏதோ பெரிய மீன் தவறிக் கரையில் கிடப்பதுபோல எனக்குத் தோன்றியது. அதை எப்படியாவது தண்ணீரில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்ற ஆசை அந்த நிமிஷமே வந்துவிட்டது.

சங்கக் கூட்டம் ஜட்ஜ் வீட்டு ஹாலில் நடந்தது. நான் படம் போட்டு விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரிடா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. அதுல தோல் கீல் ஏதாவது உண்டோ?"

இன்றைக்குக் கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாளிலிருந்தே ஆசாரமான வீடுகளில் இருந்த கேள்வி அது. குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறதே, அந்தத் தண்ணீர் மடிக்கு ஆகுமா? பூஜைக்கு எடுக்கலாமா? எங்கள் காலனியில் பாதிப் பேர் கிணறு இருக்கிறது என்பதற்காகவே அங்கே வீடு கட்டியவர்கள்.

"ஏன் கேக்கறேன்னா, பெருமாளுக்கு எடுக்கற ஜலம் பாரு. மாட்டுத் தோல்ல பட்டுண்டு வந்த தீர்த்தத்தை எந்த முகத்தோட சன்னிதியில வைக்கறது?"

"தோலே கிடையாது மாமா," என்றேன்.

அப்போது நான் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

திறந்தபோது தோல் இருந்தது. மோட்டாரின் உடம்பு முழுக்க எண்ணெய் நிரம்பியிருக்கும். அந்த எண்ணெயில் ஊறியபடி செப்புக் கம்பிச் சுருள்கள். மோட்டாரின் அச்சு மேலே பம்புக்குள் போகிற இடத்தில் ஒரு கழுத்து உண்டு. வெளியே இருக்கிற அவ்வளவு தண்ணீரும் உள்ளே வராமல் தடுப்பது அந்தக் கழுத்துதான். அங்கே சின்னக் கிண்ணம்போல வளைத்த தோல் வாஷர் ஒன்று, மிருகக் கொழுப்பு பூசி, அச்சைக் கவ்விக்கொண்டிருந்தது. எந்த நாட்டு மாடோ, எந்த நாட்டு ஆடோ. பம்பு ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு காகிதத்தில் சுற்றி ஆற்றில் எறிந்துவிட்டு வந்தேன்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. நீராவி எஞ்சின்களில் அச்சைச் சுற்றிப் பருத்திக் கயிறு அடைப்பார்கள். இங்கேயும் அடைத்தால் என்ன? கொழுப்புக்குப் பதில் நல்லெண்ணெயும் மெழுகும். வீட்டில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் திரிச்சுத் தரயா? நல்ல தடிமனா. விரல் மொத்தம்."

"கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கே! இவ்வளவு மொத்தமா எதுக்குடா?"

"மோட்டாருக்கு."

"ஏன், மோட்டாருக்கு விளக்கேத்தி வைக்கப் போறயா?" என்று சிரித்தாள். ஆனாலும் முழங்காலில் வைத்து, எச்சில் படாமல், ஒரே சீராகத் திரித்துக் கொடுத்தாள். அம்மா திரித்த திரி வழவழவென்று இருக்கும். அதை நல்லெண்ணெயில் ஊறவைத்துக் கழுத்தைச் சுற்றி அடைத்து, இறுக்கி மூடினேன். என்னைவிடச் சுத்தமாக இந்த வேலையை யாரும் செய்திருக்க முடியாது என்று நினைத்தேன்.

மூன்று சவுக்குக் கம்பங்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, மோட்டாரை மெள்ள மெள்ளக் கிணற்றில் இறக்கினோம். தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. வட்டம் வட்டமாக அலை விரிந்து சுவரில் மோதித் திரும்பி வந்து அடங்கியபோது உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல வானம் மறுபடி பச்சையாகப் படுத்திருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காலடி மண் லேசாகச் சிலிர்த்தது. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. ஜட்ஜ் குழாயடியில் கைநீட்டி ஒரு உத்தரணி அளவு பிடித்து வாயில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "அமிர்தம்டா," என்றார்.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கடியில் நடந்ததுபோல இருக்கிறது. தோட்டத்துக் கனகாம்பரம், ஈரமான முற்றங்கள், பிற்பகலில் சுவரில் காதை வைத்தால் கேட்கும் அந்த ரீங்காரம். பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே தலையை உலர்த்துவார்கள். நான் ஆபீசிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது காலனி முனையிலேயே அது என்னை எதிர்கொண்டு அழைக்கும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோலவே எனக்குக் கேட்டது.

மழை வருவதற்கு முன்பே ஒரு நாள் அந்த ஓசை நின்றுவிட்டது. ஃப்யூஸ் போயிருந்தது. மாற்றினேன், மறுபடி போயிற்று. மோட்டாரை மேலே தூக்கினோம். மூடியைத் திறக்குமுன்பே கருகல் வாசனை.

அப்படித்தான் பாயிடம் போனேன். மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் மின்விசிறி, மோட்டார் எது எரிந்தாலும் அவரிடம்தான் போவார்கள். மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் கடை. ஐம்பதைத் தாண்டியவர், மருதாணி போட்ட தாடி, பெரிய குரல். அடக்கம் என்பதே அவரிடம் கிடையாது. "இந்த மெட்ராஸ்ல காத்து வாங்குறவன் பாதிப் பேரு என் கைக் காத்தைத்தான் வாங்கறான்," என்பார். புதிதாகச் சுற்றிய காயிலுக்கு வார்னிஷ் ஊற்றி, பேக்கரிக்காரர் ரொட்டி எடுத்து முடித்ததும் அந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்து உலர்த்துவார். அதனால் அந்த வட்டாரத்து பன்னில் எப்போதும் லேசாக வார்னிஷ் வாசனை வீசும். "மோட்டார் பன்னு ஒண்ணு குடு" என்றே கேட்டு வாங்குவார்கள்.

மாட்டுவண்டியிலிருந்து இறக்கிய எங்கள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யா அல்லா! இன்னா ஐயிரே இது, முதலையாட்டம் கீது?"

"தண்ணிக்குள்ளயே ஓடும் பாய்."

"தண்ணிக்குள்ளவா? கரண்டு? அப்பால உங்க ஆளுங்க அதுலயே குளிப்பீங்களா? தைரியம்தான் நைனா உங்களுக்கு!"

உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. எண்ணெயை விரலில் தொட்டுக் காட்டினார். மோர்போல வெளுத்திருந்தது. "தண்ணி பூந்துட்சு," என்றார். பிறகு அச்சின் கழுத்தைத் தடவினார். அங்கே அடைப்பு இல்லை. தோலை எடுத்த விஷயம் வெளியே தெரியக் கூடாதென்று, வருவதற்கு முன்பே நான் திரியை உருவி எடுத்துவிட்டிருந்தேன்.

"இங்க இன்னா இருந்துச்சு?"

"கம்பெனி வாஷர். பத்திரமா கழட்டி வெச்சிருக்கேன்."

"கெட்டு கிட்டுப் போவலியே?"

"புதுசு மாதிரி இருக்கு பாய்."

"அப்போ அங்கேர்ந்து வரல," என்று அந்தக் கழுத்தை அத்தோடு விட்டுவிட்டார். ஒரு எஞ்சினியர் சொன்னதை நம்பினார். அதற்குப் பிறகு அவர் செய்த தப்பெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தவைதான்.

அவர் சுற்றிக் கொடுத்தார். நான் புதுத் திரி வைத்தேன். மறுபடி அந்தப் பாட்டு; மறுபடி ஒரு நாள் மௌனம். இரண்டாம் முறை தூக்கியபோது ஷெட்டுக்குள் தனியாக நின்று திரியை உருவிப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது. வெளிமுனையில் மட்டுமல்ல, உள்முனையிலும். வீட்டுக்கு வந்தேன். அம்மா அகலில் புதுத் திரியைப் போட்டு ஒரு முனையை மட்டும் எண்ணெயில் தோய்த்து வைத்திருந்தாள். யாரும் தொடாமலே எண்ணெய் அந்தத் திரியில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் வேலையே அதுதானே, ஒரு பக்கத்து ஈரத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுபோவது. பிறந்த நாள் முதல் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்த ஒன்று. தண்ணீரைத் தடுக்க வேண்டிய இடத்தில் நான் தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? ஜட்ஜிடம் சொன்னால், தோல் வேண்டும் என்று சொல்ல வேண்டும். தோல் இல்லையென்றால் பம்பு இல்லை. பாயிடம் சொன்னால் அந்தப் பெரிய குரலில் மீர்சாகிப்பேட்டை முழுக்கக் கேட்கும்படி சிரிப்பார். அதனால் திரியில் மெழுகைக் கூட்டினேன். தார் தடவிப் பார்த்தேன். இன்னும் இறுக்கி அடைத்தேன். ஒவ்வொரு தடவையும் இந்த முறை நிற்கும் என்று மனதார நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு நடுவில், யாராவது கேட்டால் "பாய்தான் பாத்துண்டிருக்கார்" என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன்.

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளிக்கூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமோ என்று உள்ளே மண்ணெண்ணெய் தடவி, வெளியே சாக்பீஸ் பொடியைப் பூசி, எங்காவது ஈரம் கசிகிறதா என்று அரை நாள் குந்தியிருந்தார். கசியவில்லை. கேபிள் சேரும் இடத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார். ஆற்று முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டதால் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்றார். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அதையும் கைவிட்டார். கடைசியில் கரண்டின் மேல் சந்தேகம் வந்தது.

"டிராம் வண்டிதான் நைனா. அது இளுக்கசொல்ல உங்க லைன்ல கரண்டு கொறையுது. மோட்டார் தெணறுது, சூடாவுது, வேர்க்குது. அந்த வேர்வைதான் எண்ணெயில தண்ணி."

அது சரியல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் "இருக்கலாம் பாய்," என்றேன்.

அதை நிரூபிக்க அவர் ஒரு நாள் காலனிக்கே வந்துவிட்டார். கேட்டுக்கு உள்ளே வரவில்லை. மோட்டார் தண்ணீரில் இறங்குகிற பொருள் என்பதால், அவர் சுற்றுவதெல்லாம் கடையோடு சரி, கிணற்றுமேடைக்கு அவர் வரக்கூடாது என்று சங்கத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் என் திரியை அவர் முதல் நாளே பார்த்திருப்பார்.

முன்பு நான் அவரிடம் அந்த விதியைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அட, நான் கட்டின கம்பி உங்க தண்ணியில நாள் பூராக் குளிக்குது. நான் வந்து எட்டிப் பாத்தா ஆவாதா?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

இப்போது கேட்டுக்கு வெளியே, பூவரச மர நிழலில், ஷெட்டிலிருந்து நான் இழுத்துக் கொடுத்த ஒயரில் ஒரு பல்பை மாட்டிக் கையில் பிடித்தபடி நின்றார். பட்டப்பகலில் எரியும் பல்பு. அது மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் இலைகளின் வழியே அவர் தாடியில் விழுந்து அசைந்தது. டிராம் தொலைவில் எங்கோ கச்சேரி ரோட்டில் போயிற்று, அல்லது போகவில்லை. பல்பு மங்கவில்லை.

"கொஞ்சம் மங்குச்சு இல்ல?" என்றார்.

"மங்கித்து," என்றேன்.

அந்தப் பல்பு இன்னும் என் கனவில் எரிகிறது. சில சமயம் அது கிணற்றுக்கு அடியில், தண்ணீருக்குள், அம்மாவின் திரியாக எரியும். அணையாது.

அதற்குப் பிறகும் மோட்டார் எரிந்தது. பாய் இப்போது சிரிப்பதில்லை. பேக்கரிக்காரரோடு சண்டை போட்டார், அடுப்பில் சூடு போதவில்லை, வார்னிஷ் சரியாகக் காயவில்லை என்று. நல்ல கம்பி தேடி மூர் மார்க்கெட் வரைக்கும் அலைந்தார். ஒரு நாள் நான் போனபோது தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலனியில் தண்ணீர் இல்லை. பெண்கள் மறுபடி குடம் தூக்கினார்கள். ஜட்ஜ் கூட்டம் கூட்டினார். அது வடக்கிலிருந்து தினமும் பேப்பரில் கெட்ட செய்தி வந்துகொண்டிருந்த சமயம். யாரோ ஒருவர், நல்லவர், எனக்குச் சிறு வயது முதல் தெரிந்தவர், ஆரம்பித்தார்.

"நாடே ரெண்டாப் போயிண்டிருக்கு. இந்தச் சமயத்துல இவாகிட்டக் கொண்டுபோய் நம்ம கிணத்தைக் குடுத்துட்டு நிக்கறோமே, வேணும்னே பண்றானோ என்னமோ!"

"சே சே, அப்படியெல்லாம் பேசப்படாது," என்றார் ஜட்ஜ். அவர் நியாயஸ்தர். என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. நீ படிச்சவன். வேணும்னு பண்றான்னு நான் சொல்லலை. அவன் வேலைதானே சரியில்லை?"

ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது பாய் சுற்றிக் கொடுத்த விசிறிதான்.

"அப்படித்தான் தோணறது மாமா," என்றேன்.

தி. நகரிலிருந்து வேறொரு வைண்டிங்காரரை ஏற்பாடு செய்தார்கள். அவர் வேலையில் குறை ஒன்றுமில்லை. பாய் செய்ததைத்தான் அவரும் செய்தார். மோட்டார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கையில் திரியோடு உட்கார்ந்தபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இனியும் எரிந்தால் பாயைச் சொல்ல முடியாது. அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்.

பயம் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது. லஸ் மூலையில் மரத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் அளவு சொல்லி, ஈரத்தோலைக் கிண்ணம்போல வளைத்து ஒரு வாஷர் வெட்டச் சொன்னேன்.

"இன்னா சார், எந்தச் செருப்புக்கும் இது பத்தாதே?"

"குழந்தை பொம்மை வண்டிக்குப்பா."

கொழுப்புக்கு மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன், பாயின் கடை இருந்த பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு. இலையில் மடித்துக் கொடுத்ததைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்தேன். எங்கள் வம்சத்தில் யாரும் தொட்டிராத அதைத் தோலில் தடவி, கழுத்தில் பொருத்தி, மூடினேன். குளித்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மோட்டார் நிற்கவே இல்லை. மழைக்காலம் போயிற்று, பனி போயிற்று, அடுத்த கோடையும் வந்தது. மண் சிலிர்த்தது, குழாய்கள் பாடின. தோலில் பட்டு வந்த தண்ணீரில் காலனியே மடியாக இருந்தது. ஜட்ஜ் அதே தண்ணீரைப் பெருமாளுக்கு வைத்தார். "பாத்தியா? ஆள் மாத்தினதும் சரியாயிடுத்து," என்றார். ஆள் மாறியது எல்லோருக்கும் தெரிந்தது. வாஷர் மாறியது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் பேசாமல் இருந்தேன். பொய் சொன்னதைவிட அதுதான் பெரிது என்று இப்போது நினைக்கிறேன். பொய்யைச் சொன்னதோடு நிற்காமல் அதற்குச் சாட்சியும் தயாரித்துக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஓடி ஓடி அந்த மோட்டார் பாய்க்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் காலனிக்காரர்கள் மயிலாப்பூரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி என்று எல்லா இடத்திலும் பொறுப்பில் இருந்தவர்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. "அந்த பாய் கை வெச்சா நிக்கறதில்லை," என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர் கடைக்குப் போய்க்கொண்டிருந்த மின்விசிறிகள் வேறு தெருக்களுக்குப் போயின. பேக்கரியில் பன் வெறும் பன்னாக மணக்கிறது என்று ஒருவர் சொல்லக் கேட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், ஊரே உறங்குகிற வேளையில், பாய் வந்தார். கேட்டுக்கு வெளியே, அதே பூவரச நிழலில் நின்றார். தாடியில் மருதாணி மங்கி வெள்ளை தெரிந்தது. நான் வெளியே போனேன்.

"ஓடுதா ஐயிரே?"

"ஓடறது பாய்."

"அப்பலேர்ந்தா?"

"ஆமாம்."

மதிலோரமாகத் தெருப்பக்கம் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், செடிகளுக்காக. அதன்மேல் காதை வைத்துக் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரீங்காரம் அவர் முகத்துக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் அப்படியே இருந்தார். காக்கைகூடக் கத்தவில்லை. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் கேட்பதற்கு அவரைத் தவிர யாருமே இல்லை.

"நல்லாப் பாடுது," என்று நிமிர்ந்தார். "நான்தான் டிராமு, உப்புன்னு ஏதேதோ சொல்லிகினு இருந்தேன். வூட்ல சொன்னா, உனக்குக் கை நடுங்குது, கண்ணு மங்கிப்போச்சு, ஒத்துக்க மாட்டேங்கறன்னு. நானு அடிக்கப் போயிட்டேன் அவளை." சிரிக்கப் பார்த்தார். வலது கையை எனக்கு முன்னால் நீட்டினார். "பாரு, நடுங்குதா?"

நடுங்கவில்லை. செப்புக் கம்பி அறுத்து அறுத்துத் தழும்பேறிய, அசையாத கை.

"தெரியலையே பாய்," என்றேன்.

"இருக்கும். எனக்கே தெரியாம நடுங்கியிருக்கும்." கையை மடக்கிக்கொண்டார். "ஆம்பூர்ல மாப்பிள்ளை கீறான். தோல் ஷாப்பு. வந்து கணக்குப் பாத்துகினு சும்மா குந்துங்கோன்றான். பூடலாம்னு கீறேன். உங்க முதலையை ஒரு தபா கேட்டுட்டுப் போலாம்னுதான்…"

குழாயை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு, தெருவின் வெயிலுக்குள் நடந்து போனார்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "நான் திரிச்சுக் குடுத்தேனே, அந்தத் திரி இன்னும் அதுக்குள்ள இருக்கோ?"

"இருக்கும்மா."

"பாரேன், எவ்வளவு நாளா உழைக்கறது!" அவளுக்கு அதில் ஒரு பெருமை. அவள் காலமாகும்வரை அந்தப் பெருமை இருந்தது.

பல வருஷங்களுக்குப் பிறகு உத்தியோக விஷயமாகப் பெங்களூர் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பதனிட்ட தோலின் வாசனை வந்தது. பெயர்ப்பலகையைப் படிக்காமலே எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது. பிளாட்பாரத்தில் இறங்கினேன். வெளியே போய் யாரையாவது விசாரித்தால் போதும், சின்ன ஊர், மருதாணித் தாடி, பெரிய குரல். உயிரோடு இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். சொல்ல வேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. "பாய், உங்க கை நடுங்கலை. கழுத்துல நான் வெச்ச திரிதான் தண்ணியை உள்ள விட்டுது. அப்பறம் நானே தோல் வெச்சுட்டேன்." அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே வாசல்வரை நடந்தேன்.

அங்கே ஒரு குழாய் இருந்தது. கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தேன். குழாயில் காதை வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை. மணி அடித்தார்கள். திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் "தண்ணீர் எப்படி?" என்று கேட்டார். நன்றாயிருக்கிறது என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.